பள்ளிக்கூடமும் வேதபாடமும்

(திருவக்கரையில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்றையக் கூட்டத்தில் நான் மூடநம்பிக்கையைப் பற்றிப் பேசுவேன் என்று விளம்பரம் போட்டிருக்கிறார்கள். அதற்கென்றுதான் நானும் பஸ் ஏறி வந்தேன். ஆனால் சாயங்காலம் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஓர் அம்மாள் என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வி நான் தயாரித்து வந்த பேச்சை விழுங்கிவிட்டது. ஆகவே விளம்பரத்தை நம்பி வந்தவர்கள் என்னை மன்னித்துக்கொள்ள வேண்டும். விளம்பரத்தை நம்பி ஏமாறாமலிருப்பதும் பகுத்தறிவில் சேர்ந்ததுதான்!

அந்த அம்மாள் கேட்டது இதுதான். அவருடைய மகளுக்கு டவுனிலுள்ள ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் இடம் கிடைத்திருக்கிறது. படிப்பு நன்றாயிருக்கும் என்கிறார்கள். கட்டுப்பாடும் உண்டு, சம்பளமும் கட்டக்கூடிய அளவில்தான். ஆனால் அங்கே தினம் ஜெபம் உண்டாம். வாரத்தில் சில நாள் வேதபாடம் உண்டாம். மைத்துனர், "பெண்ணைச் சேர்த்தால் ஞானஸ்நானம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்" என்று பயமுறுத்துகிறார். வீட்டுக்காரர், "கொடுத்தால் கொடுக்கட்டும், இங்கிலீஷ் வந்தால் போதும்" என்கிறார். அந்த அம்மாள் என்னைப் பார்த்து, "நீங்கதான் சாமியே இல்லேங்கிறவராச்சே, உங்களுக்கு ரெண்டு பக்கமும் ஓரவஞ்சனை இருக்காது. சேர்க்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க அண்ணா" என்றார்.

எனக்கு ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. அரை மணி நேரமாவது வேண்டும் என்றேன். "அப்படியானால் மேடையிலேயே சொல்லுங்க" என்று போய்விட்டார். அதோ அந்த வேப்பமரத்தடியில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆகவே இனி நான் பேசுவது முக்கியமாக அவருக்கு. மற்றவர்கள் ஒட்டுக் கேட்கலாம்.

தோழர்களே! முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். அந்த எட்டு வகுப்பில் கடைசி மூன்று வகுப்பை ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில்தான் படித்தேன். அதன் பெயர் இப்போது வேண்டாம். என் தகப்பனார் கல் உடைக்கிற கூலிக்காரர். என்னை அவர்கள் "நீ யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு?" என்று கேட்காமல் சேர்த்துக்கொண்டார்கள். நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். நான் இன்று வாசிக்கிற வாசிப்பு, மேடையேறி நான்கு வார்த்தை சேர்த்துப் பேசுகிற பழக்கம் எல்லாவற்றிற்கும் அங்கேதான் விதை விழுந்தது. அதற்குப் பிறகு கிளை நூலகத்திலும், கடலை மடித்த காகிதத்திலும் படித்ததுதான் மிச்சமெல்லாம். ஆகவே, நன்றி கெட்டவன் என்ற பெயரை வாங்கிக்கொண்டு பேச எனக்கு இஷ்டமில்லை. அதற்காக, நன்றி என்ற கயிற்றால் வாயைக் கட்டிக்கொள்ளவும் இஷ்டமில்லை.

இந்த நாட்டில் கிறிஸ்தவப் பள்ளிக்கூடம் வந்த கதையைக் கொஞ்சம் பார்ப்போம். 1706-ஆம் வருஷம் ஜூலை மாதம் தரங்கம்பாடியில் சீகன்பால்கு என்ற ஜெர்மானியர் வந்து இறங்கினார். இறங்கியவுடன் அவர் செய்த வேலை என்னவென்றால், தமிழ் உபாத்தியாயர் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்தச் சொல்லி, சின்னப் பிள்ளைகளோடு பிள்ளையாய்த் தாமும் மணலில் விரலால் அ, ஆ எழுதிப் படித்ததுதான். அடுத்த வருஷமே பள்ளிக்கூடம் வைத்தார். பெண் பிள்ளைகளுக்கும் வைத்தார். பெண் படித்தால் குடும்பம் கெடும் என்று நம் பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது! 1715-க்குள் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வெளிவந்துவிட்டது. ஆயிரம் வருஷமாக ஓலையைப் பூஜையில் வைத்துக் கும்பிட்ட கூட்டம், எழுத்தைத் தெருவுக்குக் கொண்டுவரவில்லை. மதம் பரப்ப வந்தவன்தான் கொண்டுவந்தான். இதை ஒப்புக்கொள்ளாமல் கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தைக் குறை சொல்ல யாருக்கும் யோக்கியதை கிடையாது.

ஆனால் அவன் எதற்காகக் கொண்டுவந்தான்? எழுத்துக்காகவா? இல்லை. எழுத்து அவனுக்கு ஏணி. மேலே ஏற்ற வேண்டிய சரக்கு வேறு. இதையும் அவர்கள் ஒளிக்கவில்லை. ஒளிக்காததால் அவர்களைக் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.

கும்பெனிச் சர்க்கார் காலத்தில் இந்தச் சரக்கை யார் செலவில் ஏற்றுவது என்று ஒரு தகராறு வந்தது. 1846-இல் சென்னைக் கவர்னராயிருந்த ட்வீடேல் பிரபு, சர்க்கார் பள்ளிக்கூடங்களிலேயே பைபிளை வகுப்புப் புத்தகமாக வைக்கலாம் என்று எழுதினார். பாதிரிமார்கள் தங்கள் சொந்தப் பள்ளிக்கூடத்தில் அல்ல, கவனியுங்கள். ஊரார் வரிப்பணத்தில் நடக்கிற பள்ளிக்கூடத்தில்! சென்னையில் பெரிய கிளர்ச்சி நடந்தது. கஜுலு லட்சுமிநரசு செட்டியார் என்பவர் முன்னின்றார். பொதுக்கூட்டம் போட்டு மகஜர் அனுப்பினார்கள். லண்டனிலிருந்த கும்பெனி டைரக்டர்கள் 1847-இல் அந்த யோசனையை நிராகரித்துவிட்டார்கள். டைரக்டர்களுக்கு நம்மீது காதல் என்று நினைத்துவிடாதீர்கள்; வியாபாரம் கெடும் என்ற பயந்தான். எப்படியானாலும் நியாயம் நியாயமே. 1854-இல் வந்த சார்லஸ் உட் அறிக்கை, சர்க்கார் பள்ளிக்கூடத்தில் மதபோதனை கூடாது, தனியார் பள்ளிக்கூடத்தில் உலகக் கல்வி நன்றாயிருந்தால் மதத்தைப் பாராமல் உதவித்தொகை கொடுக்கலாம் என்று ஒரு கோடு கிழித்தது. அந்தக் கோட்டின்மேல்தான் இன்றுவரை நடந்துகொண்டிருக்கிறோம்.

உதவித்தொகை வந்தது, மிஷன் பள்ளிக்கூடங்கள் பெருகின. 1858-இல் கிறிஸ்தவர்கள் ஒரு சங்கம் வைத்து, நாட்டு மொழிகளில் பள்ளிக்கூட வாசகப் புத்தகங்களை அச்சிட்டுத் தள்ளினார்கள். பிற்பாடு அதற்குக் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் என்று பெயர் வந்தது. வாசகப் புத்தகத்தில் மாட்டைப் பற்றி ஒரு பாடம், மழையைப் பற்றி ஒரு பாடம், நடுவே இரட்சகரைப் பற்றி ஒரு பாடம். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைப் பெரிதாக்கிய வில்லியம் மில்லர் இன்னும் புத்திசாலி. ஞானஸ்நானம் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருக்காதே, சமூகம் முழுவதிலும் கிறிஸ்தவக் கருத்தைக் கொஞ்சங் கொஞ்சமாக ஊற வை என்பது அவருடைய கொள்கை. அப்படியிருந்தும் 1888-இல் ஒரு மாணவர் மதம் மாறப்போகிறார் என்ற பேச்சில் அதே கல்லூரி மாணவர்கள் கொந்தளித்தார்கள். அதன் பலன் என்ன? மதம் வேண்டாம் என்று ஒரு பள்ளிக்கூடம் வந்ததா? இல்லை. அடுத்த வருஷம் இந்து மதம் சொல்லிக்கொடுக்க ஒரு பள்ளிக்கூடம் வந்தது! நோய்க்கு மருந்து இன்னொரு நோய்!

தோழர்களே! இப்போது கிறிஸ்தவக் கல்வியாளர்களில் சிலர் மில்லரையும் தாண்டிப் போகிறார்கள். வேதபாடத்துக்கு ஒரு மணி என்று தனியாக வைப்பது போதாதாம். விசுவாசத்தையும் படிப்பையும் ஒன்றாகப் பிசைந்துவிட வேண்டுமாம். கணக்குப் பாடத்தில் கடவுளின் ஒழுங்கைக் காட்ட வேண்டும். சரித்திரத்தில் கடவுளின் சித்தத்தைக் காட்ட வேண்டும். விஞ்ஞானத்தில் சிருஷ்டியின் மகிமையைக் காட்ட வேண்டும் என்கிறார்கள். வெளிநாடுகளில் இதற்கென்றே புத்தகங்கள், பயிற்சிகள் எல்லாம் நடக்கின்றன. கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. இரண்டும் இரண்டும் நான்கு என்பதில் கிறிஸ்தவ நான்கு, இந்து நான்கு, முஸ்லிம் நான்கு என்று உண்டா என்று நான் கேட்கமாட்டேன். அது எளிதான கேலி. கணக்கில் இதனால் பெரிய கெடுதி வராது. கெடுதி எங்கே வரும் என்பதற்கு இந்த ஊரிலேயே சாட்சி கிடக்கிறது. அதைச் சொல்கிறேன்.

நான் ஏழாவது படிக்கும்போது எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து இந்தத் திருவக்கரைக்கு உல்லாசப் பயணம் கூட்டி வந்தார்கள். இந்த ஊருக்கு வருகிறவர்கள் சாதாரணமாகப் பௌர்ணமிக்கு வக்கிரகாளியைப் பார்க்க வருவார்கள். எங்களை அங்கே கூட்டிப் போகவில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும். கல்மரம் பார்க்கத்தான் கூட்டிப் போனார்கள். நீங்கள் தினம் பார்த்துச் சலித்தது. எனக்கு அன்று பேயைக் கண்ட மாதிரி இருந்தது. மரம் படுத்துக் கிடக்கிறது. பட்டை தெரிகிறது, முடிச்சுத் தெரிகிறது, உள்ளே நாரோட்டம் தெரிகிறது. தொட்டால் கல்! தட்டினால் கல் சத்தம்! என் தகப்பனார் கல் உடைக்கிறவராகையால் எனக்குக் கல் தெரியும். இது கல்லேதான்.

வேதபாட உபாத்தியாயரே எங்களுக்கு விஞ்ஞானமும் எடுப்பவர். மிகவும் நல்லவர். "ஐயா, மரம் எப்படிக் கல்லாச்சு?" என்று கேட்டேன். "நோவா காலத்து ஜலப்பிரளயத்தில் அடித்துக்கொண்டு வந்து புதைந்து கல்லாய்விட்டது" என்றார். "எத்தனை வருஷமாச்சு?" என்றேன். "உலகமே படைத்து ஆறாயிரம் வருஷந்தான், அதற்குள் கணக்குப் பார்த்துக்கொள்" என்றார். அந்த ஆறாயிரம் எங்கிருந்து வந்தது என்று பிற்பாடுதான் படித்தேன். அயர்லாந்தில் அஷர் என்ற ஒரு பெரிய பாதிரியார் பைபிளிலுள்ள வம்ச வரிசையையெல்லாம் கூட்டிக் கழித்து, கி.மு. 4004-இல் உலகம் படைக்கப்பட்டது என்று 1650-இல் புத்தகம் போட்டார். அந்தக் கணக்குக் கடல் தாண்டி, மூன்று நூற்றாண்டுக்கு மேல் நடந்து, வானூர்ப் பக்கத்துக் கூலிக்காரன் மகன் காதில் வந்து விழுந்தது!

வீட்டுக்கு வந்து பாட்டியிடம் கேட்டேன். "அடப்போடா! அது வக்கிராசுரன் வகையறாவோட எலும்புடா. சாமி கொன்னு போட்டது கல்லாக் கெடக்குது" என்றாள். ஒரே நாளில் எனக்கு இரண்டு பதில் கிடைத்தன. ஒன்று புத்தகத்தோடு வந்தது. ஒன்று வெற்றிலை எச்சிலோடு வந்தது. இரண்டும் அன்போடுதான் சொல்லப்பட்டன. சொன்ன இருவரில் ஒருவரும் அந்த மரத்தின் பக்கத்தில் குந்தி அதை உற்றுப் பார்க்கவில்லை.

மூன்றாவது பதில் அங்கேயே, மண்ணியல் ஆய்வுத் துறையாரின் பலகையில் எழுதியிருந்தது. எங்களை அதைப் படிக்க விடாமல் வரிசையாக நடத்திக்கொண்டு போனார்கள். பல வருஷங் கழித்துத் தனியாக வந்து படித்தேன். சுமார் 2 கோடி வருஷம்! இந்த மரங்களுக்கு வேருமில்லை, கிளையுமில்லை, கவனித்திருக்கிறீர்களா? ஆகவே இவை நின்ற இடத்திலேயே கல்லானவையல்ல. எங்கேயோ நின்றவை வெள்ளத்தில் உருண்டு வந்து மணலில் புதைந்தவை என்று ஆராய்ச்சிக்காரர்கள் முடிவுகட்டினார்கள். புதைந்த மரத்தில் மணற்சத்துக் கரைந்த தண்ணீர் ஊறி ஊறி, மரம் மக்கிப் போகிற இடத்திலெல்லாம் அந்தச் சத்துப் படிந்து, நார் நாராக, கண்ணுக்குத் தெரியாத அறை அறையாக, மரத்தின் அச்சு மாறாமலே கல்லாகிவிட்டது. 1781-இலேயே சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். இன்று தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தில் நம் திருவக்கரையின் பெயர் அச்சாகியிருக்கிறது. காளிக்காக அல்ல, இந்தக் கல்மரத்துக்காக!

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். எங்கள் உபாத்தியாயர் சொன்னதில் வெள்ளம் என்ற ஒரு சொல் சரியாகத்தான் இருந்தது. அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் அவர் அந்த வெள்ளத்தை மரத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. புத்தகத்தைப் பார்த்துக் கொண்டுவந்தார். வேரில்லை, கிளையில்லை என்பதை எங்களுக்குக் காட்டியிருந்தால் ஏழாம் வகுப்புப் பையன் தானே வெள்ளத்தைக் கண்டுபிடித்திருப்பான். அந்தச் சந்தோஷத்தை அவர் எங்களிடமிருந்து பறித்துக்கொண்டார். நாளைக்கு ஒரு ஆராய்ச்சிக்காரன் வந்து 2 கோடி அல்ல, இரண்டரைக் கோடி என்று ருசுப்படுத்தினால் பலகையை அழித்து வேறு எழுதிவிடுவார்கள். ஒருவரும் நரகத்துக்குப் போகமாட்டார்கள். ஆறாயிரத்தைத் திருத்துவதற்கோ அவருக்கு அதிகாரமில்லை. அவர் கெட்டவரல்ல. சந்திரனுக்கும் கடல் பொங்குவதற்கும் உள்ள சம்பந்தத்தை அவரைப்போல் விளக்கினவர் எனக்கு இன்றுவரை அகப்படவில்லை. அப்பேர்ப்பட்டவரை ஒரு இடத்தில் "இதற்குமேல் கேளாதே" என்று நிறுத்தியது எது? விசுவாசத்தையும் பாடத்தையும் பிசைந்ததுதான்.

கிறிஸ்தவர்கள் எல்லோரும் அப்படியல்ல என்பதையும் சொல்லவேண்டும். ரோமாபுரிப் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் 1996-இல், பரிணாமம் என்பது வெறும் ஊகத்துக்கு மேற்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பரிணாமத்தைச் சரியாகவே சொல்லிக்கொடுக்கிற பாதிரிமார்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், 2023-இல் மத்தியச் சர்க்காரின் கல்வி நிறுவனம் தன் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்துவிட்டதே, அவர்கள் கையில் பைபிளா இருந்தது?

தோழர்களே! பிள்ளைகளுக்கு இஷ்டமில்லாத மதபோதனை கூடாது என்று நாம் சொன்னால், "நாஸ்திகன் சொல்கிறான்" என்று தள்ளிவிடுகிறார்கள். நாஸ்திகனை விடுங்கள். இந்தச் சண்டையைக் கிறிஸ்தவர்களே கிறிஸ்தவர்களோடு போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் 1844-இல் பள்ளிக்கூடத்தில் எந்த பைபிளை வாசிப்பது, புராட்டஸ்டண்டு பைபிளா, கத்தோலிக்க பைபிளா என்ற தகராறு முற்றிக் கலகமாகி, மாதாகோயில்கள் எரிந்து, ஆட்கள் செத்தார்கள். இரண்டு பக்கமும் ஏசுவைக் கும்பிடுகிறவர்கள்! இங்கிலாந்தில் 1902-இல் வந்த கல்விச் சட்டம், சர்ச் ஆப் இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்களுக்கு ஊர் வரியிலிருந்து பணம் கொடுக்க வழி செய்தது. "எங்கள் பணத்தில் எங்களுக்கு உடன்பாடில்லாத மதத்தைப் போதிப்பதா?" என்று வேறு சபைக் கிறிஸ்தவர்கள் வரி கொடுக்க மறுத்தார்கள். வீட்டுச் சாமான் ஜப்தியாயிற்று. பலர் ஜெயிலுக்கும் போனார்கள். ஞானஸ்நானத்தைப் பற்றிய ஒரு சின்னப் பேதத்துக்காக ஒரு கிறிஸ்தவன் ஜெயிலுக்குப் போகலாம். நம் ஊர்க் குடியானவன் "என் பிள்ளையை ஜெபத்துக்கு நிறுத்தாதே" என்று ஒரு கடுதாசி எழுதக்கூடாதா?

நம் தேசத்திலேயே நடந்த ஒன்றையும் கேளுங்கள். கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்னும் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், பள்ளிக்கூடத்தில் தேசியகீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், ஆனால் பாடமாட்டார்கள். தங்கள் மதத்துக்கு விரோதம் என்றார்கள். 1985-இல் அவர்களைப் பள்ளிக்கூடத்திலிருந்து நீக்கினார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், 1986 ஆகஸ்டில் அந்தப் பிள்ளைகள் ஜெயித்தார்கள். மனச்சாட்சிக்கு விரோதமாக வாய் திறக்கும்படி பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தக்கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அவர்களுடைய மதம் எனக்குக் கடுகளவும் சம்மதமில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பைப் படித்தபோது நான் சந்தோஷப்பட்டேன். கிறிஸ்தவப் பிள்ளைக்குக் கிடைத்த அந்தக் காப்பு, கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற மற்றப் பிள்ளைக்கும் உண்டா இல்லையா என்பதுதான் நம் கேள்வி.

உண்டு! அரசியல் சட்டத்தின் 28-ஆவது பிரிவு சொல்கிறது. முழுக்க முழுக்கச் சர்க்கார் பணத்தில் நடக்கிற பள்ளிக்கூடத்தில் மதபோதனையே கூடாது. சர்க்கார் அங்கீகாரம் பெற்ற அல்லது சர்க்கார் உதவிப் பணம் வாங்குகிற மற்றப் பள்ளிக்கூடத்தில் மதபோதனை இருக்கலாம். ஆனால் சம்மதமில்லாமல் ஒருவரையும் அதிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் செய்யக்கூடாது. பிள்ளை மைனராயிருந்தால் தாய் தகப்பன் சம்மதம் வேண்டும். அதே அரசியல் சட்டத்தின் 30-ஆவது பிரிவு, சிறுபான்மையோர் தங்கள் விருப்பப்படி பள்ளிக்கூடம் வைத்து நடத்தலாம் என்று உரிமை கொடுக்கிறது. அந்த உரிமை இருக்கத்தான் வேண்டும். அதைப் பிடுங்கவேண்டும் என்று கொடி பிடிக்கிற கூட்டத்தோடு நமக்குச் சம்பந்தமில்லை. பள்ளிக்கூடம் உன்னுடையது, பிள்ளையின் மனது உன்னுடையதல்ல. இவ்வளவுதான் சங்கதி.

சட்டம் இவ்வளவு தெளிவாயிருக்க, என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். கஷ்டத்தை என் வீட்டிலிருந்தே சொல்கிறேன்.

என் மகளும் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள். சேர்த்த வருஷமே நான் வீராப்பாய் ஒரு கடுதாசி எழுதினேன். 28-ஆவது பிரிவையெல்லாம் எடுத்துக் காட்டி, என் மகளை வேதபாடத்திலும் ஜெபத்திலும் சேர்க்கக்கூடாது என்று தலைமை ஆசிரியை அம்மாளிடம் கொடுத்தேன். அந்த அம்மாளும் ஒரு வார்த்தை மறுக்காமல் வாங்கிக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு மாதம் கழித்து என் மகள் சாப்பிடாமல் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என்னம்மா என்றால், வேதபாட மணியில் அவளை மட்டும் வராந்தாவில் நிறுத்திவைக்கிறார்களாம். போகிற வருகிற பிள்ளைகளெல்லாம், "நீ என்ன தப்புப் பண்ணினே?" என்று கேட்கிறார்களாம். "மேடையில பேசறது நீ. வராந்தாவுல நிக்கறது நான்" என்றாள்.

தோழர்களே! எத்தனையோ கூட்டத்தில் கல்லடியும் சாணியும் பட்டிருக்கிறேன். அந்த வார்த்தை பட்டமாதிரி ஒன்றும் பட்டதில்லை. சட்டம் கொடுத்த உரிமை, குழந்தை அளவில் தண்டனையாய் மாறிவிடுகிறது. அவர்கள் வேண்டுமென்றே தண்டித்தார்கள் என்றுகூட நான் சொல்லமாட்டேன். வேறு எங்கே நிறுத்துவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நிறுத்த இடமில்லாத உரிமை என்ன உரிமை?

அப்போதுதான் பழைய புத்தகங்களைப் புரட்டினேன். 1870-இல் இங்கிலாந்தில் ஆரம்பக் கல்விச் சட்டம் செய்தபோது இதே தொல்லை அவர்களுக்கும் வந்திருக்கிறது. அவர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். தாய் தகப்பன் விரும்பாவிட்டால் பிள்ளையை மதபோதனையிலிருந்து விலக்கிக்கொள்ளலாம் என்று எழுதியதோடு நிற்காமல், மதபோதனை பள்ளிக்கூடத்தின் முதல் நேரத்திலோ கடைசி நேரத்திலோதான் இருக்கவேண்டும் என்று விதித்துவிட்டார்கள். முதலில் இருந்தால் விலகுகிற பிள்ளை சற்று நேரங்கழித்து வரும். கடைசியில் இருந்தால் முன்னதாக வீட்டுக்குப் போகும். நடுவிலே எழுப்பி வராந்தாவில் நிறுத்துகிற வேலையில்லை. பாருங்கள், ஒரு மணியை இடம் மாற்றுவதில் எவ்வளவு நாகரிகம் அடங்கியிருக்கிறது!

இதை எழுதிக்கொண்டு திரும்பவும் அந்த அம்மாளிடம் போனேன். இந்தத் தடவை சட்டப் பிரிவைக் காட்டவில்லை. மகள் அழுததைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "எனக்கு இது தெரியாது. யோசிக்கிறேன்" என்றார். அடுத்த பருவத்திலிருந்து வேதபாடம் முதல் மணிக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு என் மகள் மட்டுமல்ல, இன்னும் நாலைந்து பிள்ளைகளும் தாமதமாய் வர ஆரம்பித்தார்கள். அவர்களில் இரண்டு பேர் கிறிஸ்தவப் பிள்ளைகள்! வேறு சபையாம்.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் ஜம்பமாய்ச் சொல்லிக்கொள்ளலாம். முடியவில்லை. போன வருஷம் கிறிஸ்துமஸ் சமயத்தில் என் மகள் பாட்டுக் குழுவில் சேருகிறேன் என்றாள். "அதில் இருக்கிறதெல்லாம் ஜெபப் பாட்டாயிற்றே" என்றேன். "பாட்டு நல்லாயிருக்கு. நான் நம்பறேன்னு சொன்னேனா?" என்றாள். வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். நான் ஒரு ராத்திரி யோசித்தேன். சம்மதம் என்று சட்டம் சொல்கிறதே, அது என் சம்மதமா, அவள் சம்மதமா? பாதிரியார் அவள் மனதில் தம் சரக்கை ஏற்றக்கூடாது என்றால், நான் மட்டும் என் சரக்கை ஏற்றலாமா? சரி, பாடு என்றேன். பாடினாள். நானும் போய்க் கேட்டேன். நன்றாகத்தான் பாடினாள்.

இந்து நண்பர்கள் சிலர் இங்கே கைதட்டிக்கொண்டே கேட்கிறார்கள். கைதட்டலைச் சற்று நிறுத்தி வையுங்கள். சர்க்கார் பள்ளிக்கூடத்தில் நவராத்திரிக்குச் சரஸ்வதி படம் வைத்துப் பொரிகடலை கொடுக்கிறார்களே, அங்கே படிக்கிற கிறிஸ்தவப் பிள்ளையின், முஸ்லிம் பிள்ளையின் சம்மதத்தை யாராவது கேட்டதுண்டா? அந்த இடத்தில் மதபோதனையே கூடாது என்று 28-ஆவது பிரிவின் முதல் வாசகமே சொல்கிறது. "அது மதமல்ல, கலாச்சாரம்" என்பீர்கள். பாதிரியாரும் அதையேதான் சொல்கிறார்: "இது மதமல்ல, நல்லொழுக்கம்!" 1968-இல் அண்ணா அவர்களின் சர்க்கார், சர்க்கார் ஆபீசுகளிலிருந்து சாமி படங்களை எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டது. இன்று எந்த ஆபீசுக்காவது போய் நிமிர்ந்து பாருங்கள். நமக்கு ஒரு முழக்கோல், அவர்களுக்கு ஒரு முழக்கோல் என்று வைத்துக்கொள்ள முடியாது.

கிறிஸ்தவ நண்பர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். வேதபாடத்தில் "எல்லோரும் பிதாவின் பிள்ளைகள்" என்று போதிக்கிறீர்கள். நல்ல பாடம். ஆனால் தரங்கம்பாடி முதல் பரிசை அந்தப் பாடத்தில் நீங்கள் பாஸ் பண்ணவில்லை. ஜாதிப்படி பிரிந்து உட்காருவது ஆரம்பத்திலிருந்தே மாதாகோயிலுக்குள் வந்துவிட்டது. 1833-இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் ஜாதி கூடாது என்று உத்தரவு போட்டபோது, அதை எதிர்த்து எழும்பினவர்கள் விசுவாசிகள்தான். இதெல்லாம் பழங்கதை என்றால், 2008 மார்ச் 9-ந் தேதி எறையூரை நினைத்துப் பாருங்கள். அப்போது நம் விழுப்புரம் ஜில்லாவில்தான் இருந்தது அந்த ஊர். இப்போது கள்ளக்குறிச்சி ஜில்லா. ஒரே மாதாவைக் கும்பிடுகிற இரண்டு ஜாதிக்காரர்கள் மோதிக்கொண்டு, போலீசார் சுட்டு, இரண்டு உயிர் போயிற்று. அவர்களும் ஜெபம் படித்து வளர்ந்தவர்கள்தானே? மதபோதனை இல்லாவிட்டால் பிள்ளைகள் ஒழுக்கங்கெட்டுப் போவார்கள் என்கிறவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்வார்கள்? மிஷன் பள்ளிக்கூடம் தாழ்த்தப்பட்டவனுக்குச் செய்த மகத்தான காரியம், அவனுக்கு வேதபாடம் சொன்னதல்ல. அவனை மற்றவனோடு ஒரே பெஞ்சில் உட்கார வைத்தது. பெஞ்சு செய்த வேலையைப் பிரசங்கம் செய்யவில்லை.

மதத்தைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் பேச்சே வரக்கூடாது என்பதா என் அபிப்பிராயம்? அல்ல. பேசவேண்டும். ஏசு என்ன சொன்னார், புத்தர் என்ன சொன்னார், நபி என்ன சொன்னார், எங்கே யார் யாரை எரித்தார்கள், யார் யாருக்கு ஆஸ்பத்திரி கட்டினார்கள், எல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும். தெரிந்துகொள் என்பது வேறு. முழங்கால் போடு என்பது வேறு. கல்மரத்தைப் பற்றி நோவா கதையும், அசுரன் கதையும், மண்ணியல் கணக்கும் மூன்றையும் மேசைமேல் வைத்து, "எது எப்படித் தெரிந்தது?" என்று ஒரு வகுப்பு நடத்தட்டும். நானே போய்க் கடைசி பெஞ்சில் உட்காருகிறேன்.

அம்மா! இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். சேருங்கள். தயங்காமல் சேருங்கள். மைத்துனரிடம், ஞானஸ்நானம் தண்ணீர் தெளிப்பதுதான், பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டுக்காரரிடம், இங்கிலீஷ் மட்டும் போதாது, பெண்ணுக்குக் கேள்வி கேட்கத் தெரியவேண்டும் என்று சொல்லுங்கள். சேர்த்த அன்றே கடுதாசி கொடுக்காதீர்கள். நான் செய்த தப்பை நீங்கள் செய்யவேண்டாம். முதலில் பெண்ணைக் கேளுங்கள். வேதபாடத்தில் உட்கார அவளுக்குச் சம்மதமென்றால் உட்காரட்டும், வந்து உங்களிடம் கதை சொல்லட்டும், நீங்களும் கேட்டு, "எப்படித் தெரியும்?" என்று ஒரு கேள்வி போட்டு அனுப்புங்கள். சம்மதமில்லை என்றால் கடுதாசி எழுதலாம். அதில், விலக்குகிற நேரத்தில் அவள் எங்கே உட்காருவாள், என்ன படிப்பாள் என்பதையும் கேட்டு எழுதவேண்டும். நூலகமா, வேறு வகுப்பா என்று இடம் தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். வேதபாடத்தை முதல் மணிக்கோ கடைசி மணிக்கோ மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். நாலு தாய்மார்கள் சேர்ந்து போய்க் கேட்டால் இன்னும் நல்லது. ஒரு பிள்ளை வராந்தாவில் நின்றால் தண்டனை, பத்துப் பிள்ளை நின்றால் அது ஒரு வகுப்பு.

எழுத வராது என்று யாரும் வெட்கப்பட வேண்டாம். மேசையில் காகிதமும் பேனாவும் வைத்திருக்கிறேன். கூட்டம் கலைந்த பிறகு வாருங்கள், எழுதித் தருகிறேன். எனக்குக் கடைசி பஸ் ஒன்பதரைக்குத்தான்.